மேற்குச் சுவர்

புதுவயல் அரவை மில்லில்
சனிக்கிழமைக் கூலியோடு
ஒரு படி குருணை கூடுதல்.
தவிட்டுத் தூசியை உதறிவிட்டு
ஐந்தே முக்கால் பஸ்ஸில் வருவேன்.
பஸ் நிற்கும் சத்தம் எப்படித் தெரியுமோ,
கொல்லைப் படலுக்கு அந்தப்பக்கம்
பதினேழு கழுத்துகள்.

பதினேழும் ஒரு வயதில்லை.
ஒன்பது, போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி
ஓட்டை உடைத்தவை.
அவற்றின் தாய்.
கொண்டை இன்னும் வெளிறிக் கிடக்கும்
வெடக்கோழி மூன்று.
முட்டையிடுகிறவை மூன்று.
அப்புறம் கப்பல்.
ஆடி ஆடி நடப்பதைப் பார்த்துப் பையன் வைத்த பெயர்.

காரைக்குடித் தீவனக் கடையில்
அலாவுதீன் மூன்று மூட்டை காட்டினார்.
குஞ்சுக்கு ஒன்று, வளர்வதற்கு ஒன்று,
முட்டைக்கு ஒன்று.
"மாத்திப் போட்டுறாதீங்க.
இதுல சுண்ணாம்பு ஜாஸ்தி,
குஞ்சு தின்னா உள்ள கல்லாயிரும்."
மூன்றுக்கும் சேர்த்து
மில்லில் என் இரண்டு வாரம்.
நடுமூட்டையை மட்டும் வாங்கி வந்தேன்.

ஒரே இடத்தில் போட்டால்
பெரியது சின்னதின் தலையில் ஏறும்.
உடைசல் ஆத்தங்குடிக் கல் மூன்று,
மூன்று மூலைக்கு.
குஞ்சுகளுக்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து
ஒரு பக்கம் செங்கல் முட்டு;
குஞ்சு நுழையும் சந்து,
தாய்க்குத் தலை மட்டும் நுழையும்.
உள்ளே நொய்யும் கேழ்வரகும்.
வெளியே நின்று
தாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான்.
மாமனாருக்குச் சர்க்கரை,
இவருக்கு வயிற்றுப்புண்,
பையனுக்கு எது வைத்தாலும் வேறு வேண்டும்.
அங்கே பஞ்சாரம் கவிழ்க்க முடியவில்லை.

சுண்ணாம்புக்குத்தான் வழி தெரியாமல் இருந்தேன்.
அதைக் கோழிகளே பார்த்துக்கொண்டன.

கொல்லைக்கு மேற்கெல்லை
மெ.கரு. வீட்டுப் பின்சுவர்.
முட்டை வெள்ளையும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்
குழைத்துத் தேய்த்ததாம்;
கன்னத்தை வைத்தால் பங்குனியிலும் குளிரும்.
மழை இறங்கிய இடத்தில்
முழங்கால் உயரத்துக்குப் பெயர்ந்திருக்கிறது.
உச்சி சாய்ந்ததும் ஒவ்வொன்றாய்ப் போய்
டொக் டொக்கென்று கொத்தும்,
முட்டையிடும் மூன்று மட்டும்.
குஞ்சுகள் அந்தப்பக்கம் எட்டியும் பார்க்காது.
எத்தனை ஆயிரம் முட்டை குடித்த சுவரோ!
வாங்கியதைத் திருப்புகிறது இப்போது,
வட்டியில்லாமல்.

காவல்காரர் சோலைமலை படலருகே வந்தார்.
"ஐயா சிங்கப்பூர்லருந்து கேமராவுல பாத்தாராம்.
உங்க கோழி செவத்தத் திங்குதாம்.
என்னன்னு கேக்கச் சொன்னாரு."
"பசிக்கு இல்ல, முட்டைக்குன்னு சொல்லுங்க."
சொன்னாரோ என்னவோ.
கேமரா பார்க்காத மூலையாய் நின்று
இரண்டு முட்டையை வாங்கி
வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.
அதிலிருந்து புதன்தோறும் இரண்டு.

நேற்று,
வெடக்கோழிகளில் புள்ளிக்கழுத்துக்காரி
தானாகச் சுவருக்குப் போனாள்.
யாரும் கூட்டிப்போகவில்லை.
ஒரு கொத்து.
தலையைச் சாய்த்து யோசனை.
இன்னொரு கொத்து.
கொண்டை சிவந்திருப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
விளக்கு வைக்கும் முன்
பழைய கூடையில் வைக்கோல் பரப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்.
கைகழுவிக்கொண்டே இவர் கேட்கிறார்,
"எது முட்டை வைக்கிறதில்ல, சொல்லு."
எல்லாந்தான் வைக்குது, என்றேன்.

சுவர்ப்பக்கம் போவதைக் கப்பல்
ஆடியிலேயே நிறுத்திவிட்டது.
எனக்குத் தெரியும்,
சுவருக்குத் தெரியும்,
சிங்கப்பூருக்கும் தெரிந்திருக்கலாம்.

குருணை இறைக்கும்போது
முதல் கை அந்தப் பக்கமாய்த்தான் விழுகிறது.
கொஞ்சம் தள்ளி இறைக்கப் பழக வேண்டும்.
இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.